தமிழ்ப் பாடவேளையில் வாசித்ததும் எழுதியதும்

(சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில், 1988 இல் ஆறாம் ஆண்டில் சேர்ந்த மாணவிகள் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



பள்ளிக்கூட நினைவுகளைப் பற்றிப் பேசும்படி விழாக்குழுவினர் கேட்டார்கள். நினைவுகள் என்று தொடங்கினால் மாமரத்தடி, கன்ரீன் வடை, விளையாட்டுப் போட்டி என்று எல்லா வகுப்பாரும் சொல்வதையே நாங்களும் சொல்லுவோம். ஆகவே ஒரேயொரு பாடவேளையைப் பற்றி மட்டும் பேசுவதென்று தீர்மானித்தோம். ஆறாம் ஆண்டிலிருந்து ஒன்பதாம் ஆண்டு வரை, இப்போது தரம் என்கிறீர்கள், அப்போது ஆண்டு, எங்களுக்குத் தமிழ் படிப்பித்தவர் ஒரே ரீச்சர். இந்த உரையை எங்களில் மூவர் சேர்ந்து எழுதினோம். நான்காமவர் கனடாவிலிருந்து தொலைபேசியில் திருத்தினார். மேடையில் நிற்பது ஒருவர், பேசுவது அந்த வகுப்பில் இருந்த 38 பேரும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் ஆண்டு முதலாந் தவணையில் ரீச்சர் தந்த முதற் கட்டுரைத் தலைப்பு "ஒரு மழை நாள்". நாங்கள் கீழ் வகுப்புகளில் கட்டுரைகளைப் பாடமாக்கி வந்தவர்கள். மாடு என்றால் ஒரு கட்டுரை, தென்னை என்றால் ஒன்று, விரும்பும் பெரியார் என்றால் ஒன்று. ஆகையால் எழுதுவது பெரிய வேலையாகத் தெரியவில்லை. அடுத்த நாள் ரீச்சர் கொப்பிகளைத் திருத்தாமலே கொண்டுவந்து மேசையில் அடுக்கினார். பிறகு ஒவ்வொரு கொப்பியையும் திறந்து, யாருடையது என்று சொல்லாமல், முதல் வசனத்தை மட்டும் வாசித்தார். கிழக்கு வானில் ஆதவன் பொற்கதிர் பரப்பி எழுந்தான். அடுத்த கொப்பியில் கதிரவன். அதற்கடுத்ததில் பகலவன். புள்ளினங்கள் எல்லாவற்றிலும் இன்னிசை பாடின. ஏழெட்டுக் கொப்பி வரையும் நாங்கள் பெருமையாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம். பன்னிரண்டாவது, பதின்மூன்றாவதில் யாரோ ஒருத்திக்கு விளங்கிவிட்டது. தலைப்பு மழை நாள்.

"பிள்ளையள், இனி இந்த வகுப்புக்குள்ளை சூரியன் உதிக்கக் கூடாது" என்றார் ரீச்சர்.

அன்றைக்குத் தந்த வேலை இதுதான்: காலையில் உங்கள் வீட்டுப் படலையைத் திறந்ததிலிருந்து பள்ளிக்கூட வாசலுக்குள் கால் வைக்கும் வரை கண்டது, கேட்டது, மணந்தது. பத்து வசனம். "அழகிய" என்ற சொல்லும் "இன்பமான" என்ற சொல்லும் வரக் கூடாது. பத்து வசனம் எழுத ஒரு முழுப் பாடவேளை போயிற்று. சிலருக்கு அதுவும் போதவில்லை. பாடமாக்கியதை எடுத்து வைத்துவிட்டால் எங்களிடம் எழுத ஒன்றுமே இல்லை என்பது பதினொரு வயதில் பெரிய அதிர்ச்சி. தினமும் நடக்கும் ஒழுங்கைதான், ஆனால் அதில் எத்தனை வீடு என்று கேட்டால் தெரியாது.

எங்களில் ஒருத்தி எழுதியது இன்னும் எல்லோருக்கும் ஞாபகம். சந்திச் சென்றியில் நின்றவர் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். உள்ளே புட்டும் முட்டைப் பொரியலும் இருந்தன. மூடச் சொன்னார். அவ்வளவுதான். நாங்கள் அதை ஒரு குறையான வேலை என்றே நினைத்தோம், பயமாக இருந்தது, வேதனையாக இருந்தது என்று அவள் எழுதவில்லையே. ரீச்சர் அதன் கீழே சிவப்பு மையால் "இதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்" என்று எழுதியிருந்தார்.

மற்றவர்களின் கொப்பிகளில் சிவப்பு மை ஓரத்தில்தான் இருக்கும். சரி, பிழை என்று இராது, கேள்விகளாக இருக்கும். "யார் சொன்னது?" "எவ்வளவு தூரம்?" "நீ அப்போது எங்கே நின்றாய்?" அந்தக் கேள்விகளுக்கு விடை வரும்படி அதே பத்து வசனத்தைத் திரும்பவும் எழுத வேண்டும். ஒரே விஷயத்தை இரண்டு தரம் எழுதுவது தண்டனைக்கு மட்டுமே என்றிருந்த எங்களுக்கு இது விளங்க ஒரு தவணை பிடித்தது. வீட்டில் சில அம்மாமார் "என்னடி, இன்னும் அதே ஒழுங்கையைத்தானோ எழுதுறாய்?" என்று கேட்டதும் உண்டு. எழுதிய முதற் பிரதியை எறியவும் விடமாட்டார். இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசிக்கச் சொல்லுவார்.

சொல்வதெழுதலைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் எங்கள் வகுப்பார் மன்னிக்க மாட்டார்கள். எங்கள் பேச்சில் ழகரமும் ளகரமும் ஒன்றுதான், காதால் கேட்டு எழுதுவது எப்படி? ஒருத்தி "எங்கள் வளவில் பத்து வாளை நிற்கின்றன" என்று எழுதிவிட்டாள். ரீச்சர் அதைத் திருத்தவில்லை. ஓரத்தில் ஒரு வாழை மரம் வரைந்து, குலை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வாளை மீனைத் தொங்கவிட்டிருந்தார். கொப்பி வகுப்பு முழுக்கச் சுற்றி வந்தது. அதற்குப் பிறகு அந்தச் சொல்லை யாரும் பிழையாக எழுதவில்லை. கிரகித்தல், சுருக்கம் எழுதுதல் எல்லாம் எல்லா வகுப்புகளிலும் போலத்தான் நடந்தன, அவற்றை விட்டுவிடுகிறோம்.

கடிதம் வேறு கதை. பாடப் புத்தகத்தில் இருந்தவை அதிபருக்கு விடுமுறைக் கடிதம், கிராம சேவையாளருக்கு விண்ணப்பம் ஆகியவை. அவற்றை முடித்த பின் ரீச்சர் ஒரு வேலை தந்தார். உங்கள் அயலில் எழுதத் தெரியாத ஒருவரிடம் போய், அவர் சொல்வதைக் கேட்டு, அவருக்காக ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள். 1989 ஆம் ஆண்டு. ஒழுங்கைக்கு ஒரு வீட்டிலாவது பிள்ளை வெளிநாட்டுக்குப் போயிருந்த காலம். ஆச்சிமாருக்குக் கடிதம் எழுத ஆள் தேவைப்பட்டது, எங்களுக்கு ஆச்சிமார் தேவைப்பட்டார்கள்.

எங்களில் ஒருத்தி பக்கத்து வீட்டு ஆச்சியின் ஏரோகிராமை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அன்புள்ள மகனுக்கு, இறைவன் திருவருளால் நாம் அனைவரும் நலம், அதுபோல் உமது நலனும் அறிய ஆவல் என்று தொடங்கி, ஆச்சி சொன்னதையெல்லாம் செந்தமிழில் வடித்து, பிறகு வாசித்துக் காட்டினாள். ஆச்சி முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னா:

"வடிவாய்த்தான் இருக்குப் பிள்ளை. ஆனா இதை வாசிச்சால் அவன், அம்மா செத்துப்போனா, வேறை ஆரோ எழுதிப்போடுகினம் எண்டெல்லோ நினைப்பான்."

இன்னொரு ஏரோகிராம் வாங்க வேண்டியதாயிற்று. இரண்டாவதில் ஆச்சி சொன்னபடியே போனது. மாடு கண்டு போட்டிட்டுது, நாம்பன். கிணத்துக்கட்டு வெடிச்சது அப்பிடியே கிடக்கு. நீ குளிருக்குக் காதை மூடுறியோ? இரண்டு மாதம் கழித்து ஜேர்மனியிலிருந்து பதில் வந்தது. நாம்பனை விற்க வேண்டாம் என்று மகன் எழுதியிருந்தான். எங்கள் தோழி அந்தப் பதிலைத் தனக்கே வந்தது போல வகுப்புக்குக் கொண்டுவந்து வாசித்தாள். உண்மையில் எங்களுக்கு அது பரீட்சைப் புள்ளியிலும் பெரிதாக இருந்தது. நாங்கள் எழுதிய ஒரு வசனத்துக்கு உலகத்தின் மறுபக்கத்திலிருந்து ஒருவன் விடை சொல்லியிருக்கிறானே.

இனிச் சொல்லப்போவதை மேடையில் சொல்வதா என்று மூவரும் நெடுநேரம் யோசித்தோம். சம்பந்தப்பட்டவரிடமே கேட்டோம். பெயர் சொல்லாவிட்டால் சொல்லலாம் என்றார். அவர் இன்று இந்த மண்டபத்தில்தான் இருக்கிறார்.

வாசிப்பு நேரத்தில் முன் வாங்கிலிருந்து தொடங்கி ஒருவர் ஒரு பந்தி வாசித்து வருவது வழக்கம். ஒரு பாடத்தை மூன்று நான்கு தரமாவது சுற்றி வாசிப்போம். ஏழாம் ஆண்டில் ஒருநாள் ரீச்சர் புதிய பாடத்தை எடுத்து, பின் வாங்கிலிருந்து தொடங்கச் சொன்னார். மூன்றாவதாக எழும்பியவள் புத்தகத்தைப் பிடித்தபடி நின்றாள். ஒரு சொல்லும் வரவில்லை. அவளுக்கு வாசிக்கத் தெரியாது என்பது அப்போதுதான் வெளிப்பட்டது. அவ்வளவு காலமும் மற்றவர்கள் வாசிப்பதைக் காதால் கேட்டு, ஒரு சுற்றுக்குள் பாடமாக்கி, தன் முறை வந்தபோது பிசகாமல் சொல்லிவந்திருக்கிறாள். எங்களில் எவருக்கும் அப்படியொரு ஞாபகசக்தி கிடையாது. ஆனால் அன்றைக்கு அதையெல்லாம் நாங்கள் நினைக்கவில்லை. நாங்கள் சிரித்தோம். ஒருவர் இருவர் அல்ல, வகுப்பே சிரித்தது.

ரீச்சர் எங்களை ஏசவில்லை. அது இன்றும் எங்களுக்கு ஒரு குறைதான், ஏசியிருந்தால் மறந்திருப்போம். அடுத்த கிழமையிலிருந்து மதிய இடைவேளையில் அவள் வாசிக்க வேண்டும், நாங்கள் முறை வைத்து, ஒரு நாளுக்கு ஒருத்தியாக, பக்கத்தில் இருந்து கேட்க வேண்டும் என்றார். சிறு பிள்ளைகளின் புத்தகத்தோடு யாரும் தன்னைக் காணக் கூடாது என்று அவள் அழுதபோது, இரண்டாம் ஆண்டு வாசிப்புப் புத்தகத்துக்கு ஏழாம் ஆண்டு விஞ்ஞானப் புத்தகத்தின் உறையைப் போட்டுக் கொடுத்தார்.

கேட்பவர்களுக்கு விதிகள் இருந்தன. அவளுடைய முகத்தைப் பார்க்கக் கூடாது, புத்தகத்தைப் பார்க்க வேண்டும். தடக்கினால் உடனே சொல்லிக் கொடுக்கக் கூடாது, மனதுக்குள் பத்து வரை எண்ண வேண்டும். பத்தான பிறகும் வராவிட்டால் சொல்லை மட்டும் சொல்ல வேண்டும், வேறொன்றும் பேசக் கூடாது. எண்ணிப் பாருங்கள், பத்து என்பது எவ்வளவு நீளமான நேரம். முதற் கிழமைகளில் எங்களால் நான்கைத் தாண்ட முடியவில்லை. சொல்லிக் கொடுப்பது உதவி என்றே நினைத்திருந்தோம். எங்களுடைய அவசரம்தான் அவளை வாசிக்கவிடாமல் தடுத்தது என்பது மெல்ல மெல்லத்தான் புரிந்தது.

எழுத்துக்கள் அவளுக்குத் தெரிந்திருந்தன. நீண்ட சொல் வந்தால், இரண்டு மூன்று சொற்கள் சந்தியில் சேர்ந்து வந்தால், எங்கே தொடங்கி எங்கே மூச்சு விடுவதென்று தெரியாமல் திணறுவாள். ரீச்சர் அந்த இடங்களில் பென்சிலால் மெல்லிய கோடு போட்டுப் பிரித்துக் கொடுப்பார். 19 ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் பாலபாடங்களை எழுதியபோது உரைநடையில் நிறுத்தக் குறியீடுகளை இட்டதும், கடினமான சந்திகளைப் பிரித்து எழுதியதும் இதே தடக்கலை நினைத்துத்தான் என்று பின்னாளில் படித்தபோது அந்தப் பென்சிற் கோடுகள்தான் எங்களுக்கு ஞாபகம் வந்தன. ஒன்றரை வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக எடுத்தது. அதற்குள் 1990 ஆனி மாதம் வந்துவிட்டது.

அந்த வருடங்களைப் பற்றி இந்த மண்டபத்தில் இருப்பவர்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. தங்கச்சிமாருக்காகச் சொன்னால், மின்சாரம் நின்றது, யாழ்தேவி நின்றது, மண்ணெண்ணெய் தங்கமாயிற்று, பத்திரிகைகள் கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சாகி வந்தன. புதிய கொப்பி ஒரு பொக்கிஷம். பள்ளிக்கூடம் நடந்த நாட்களைவிட நடக்காத நாட்கள் கூடவாக இருந்த மாதங்களும் உண்டு. வெள்ளிக்கிழமைகளில் கடைசிக் கால் மணித்தியாலம் ரீச்சர் ஒரு நாவலை உரத்து வாசிப்பது வழக்கம். அந்தத் தவணையில் எடுத்தது செங்கை ஆழியானின் "ஆச்சி பயணம் போகிறாள்". ரயில் ஓடாத ஊரில் இருந்துகொண்டு, ஆச்சி கதிர்காமத்துக்குப் போகும் பயணத்தை விழுந்து விழுந்து சிரித்துக் கேட்டோம். முக்கியமான இடத்தில் மணி அடித்துவிடும். மிச்சத்தை அறியத் திங்கட்கிழமை பள்ளிக்கூடம் நடக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டவர்கள் எங்களைத் தவிர வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள். 2014 ஐப்பசியில் யாழ்தேவி திரும்பவும் யாழ்ப்பாணத்துக்கு வந்தபோது எங்களில் நாலு பேர் ஆச்சியைப் பற்றியே குறுஞ்செய்தி அனுப்பிக்கொண்டோம்.

கையெழுத்துச் சஞ்சிகை தொடங்கியதும் அந்தக் காலத்தில்தான். அதற்கு நாங்கள் வைத்த பெயர் ரீச்சருக்குப் பிடிக்கவில்லை, ஆகவே இங்கேயும் சொல்லவில்லை. கடைகளின் பழைய பில் தாள்களின் பின்பக்கம், கலண்டர்த் தாள்களின் பின்பக்கம் எல்லாவற்றையும் சேர்த்துத் தைத்து, இதழுக்கு ஒரு பிரதி மட்டும். வீடு வீடாகச் சுற்றி வரும். எந்த ஆக்கத்தையும் இரண்டு பேர் வாசித்து, ஓரத்தில் கேள்வி கேட்டு, எழுதியவள் திரும்ப எழுதிய பிறகே தைப்போம். ஐந்து இதழ்கள் வந்தன. கவிதைகள் நிறைய இருந்தன. அவற்றைப் பற்றிப் பேசாமலிருப்பது நல்லது.

மூன்றாவது இதழில் மதிய இடைவேளையில் வாசித்துக்கொண்டிருந்தவள் எழுதினாள். தலைப்பு "ஜாம் போத்தல் விளக்குச் செய்யும் முறை". போத்தலின் அடியில் எவ்வளவு பஞ்சு, எத்தனை தேக்கரண்டி மண்ணெண்ணெய், திரியை எப்படி நிறுத்துவது, கறுப்புப் புகை வந்தால் என்ன செய்வது. எட்டு வசனம். ஓரத்தில் கேட்க எங்களுக்குக் கேள்வியே கிடைக்கவில்லை. அதை வாசித்துவிட்டு இரண்டு மூன்று வீடுகளில் விளக்குச் செய்தார்கள். ஐந்து இதழ்களிலும் நாங்கள் எழுதியவற்றில் ஒரு மனிதருக்கு உண்மையாகப் பயன்பட்டது அந்த எட்டு வசனம்தான்.

ஐந்து இதழ்களும் எங்களில் ஒருத்தியின் வீட்டு இரும்புப் பெட்டியில் இருந்தன. 1995 ஐப்பசி 30 ஆம் திகதி வலிகாமமே எழும்பி நடந்தபோது யார் சஞ்சிகையை நினைத்தார்கள்? மறு வருடம் திரும்பி வந்து பெட்டியைத் திறந்தபோது உள்ளே கறையான் மண். ஒரு மூலையில் நூல் தையல் மட்டும் கிடந்தது.

இவ்வளவையும் சொன்னதற்குக் காரணம் உண்டு. போன வருடம் ஐப்பசியில், வாசிப்பு மாதத்தில், அதிபரின் அனுமதியோடு எங்களில் ஐந்து பேர் தரம் 7 பிள்ளைகளோடு மூன்று நாட்கள் இருந்தோம். கெட்டிக்காரப் பிள்ளைகள். எங்களைவிட எவ்வளவோ கூடுதலாகத் தெரிந்தவர்கள். பாடப் புத்தகத்தை வாசிக்கச் சொன்னோம், கணீரென்று வாசித்தார்கள். பிறகு நாங்கள் கொண்டுபோன, அவர்கள் முன்பு பார்க்காத ஒரு கதையைக் கொடுத்தோம். சில பிள்ளைகள் புத்தகத்தைப் பிடித்தபடி நின்றார்கள். அந்த நிலை எங்களுக்குத் தெரிந்த நிலை. ஐந்து பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

கட்டுரைக் கொப்பிகளையும் பார்த்தோம். ரியூசனில் கொடுத்த கட்டுரைகள். ஆதவன் இன்னும் பொற்கதிர் பரப்பிக்கொண்டுதான் இருக்கிறான். இதற்கு ஆசிரியர்களைக் குறை சொல்ல நாங்கள் வரவில்லை. கொரோனாக் காலத்தில் பள்ளிக்கூடங்கள் மூடியிருந்தபோது இந்தப் பிள்ளைகள் எழுத்துப் பழகும் வயதில் இருந்தவர்கள், கைத்தொலைபேசித் திரையில் படித்தவர்கள். ஆசிரியருக்கோ நாற்பது பிள்ளைகள், முடிக்க வேண்டிய பாடத்திட்டம், நிரப்ப வேண்டிய படிவங்கள். ஒரு பிள்ளை தடக்கி நிற்கும்போது பத்து வரை எண்ண அவருக்கு நேரம் எங்கே?

நூற்றாண்டு நிதியில் ஸ்மார்ட் பலகை வாங்குவதென்று செயற்குழு பேசியிருப்பதாக அறிகிறோம். வாங்குங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. வெளிநாட்டுக் கிளைகள் கேட்கும்போது படம் எடுத்து அனுப்ப அது வசதியாகவும் இருக்கும். நாங்கள் கேட்பது பணம் அல்ல. எங்கள் சங்கத்தில் ஓய்வுபெற்றவர்கள் எத்தனை பேர் இந்த ஊரிலேயே இருக்கிறீர்கள்! கிழமையில் ஒரு பாடவேளை, ஒரு பிள்ளைக்குப் பக்கத்தில் ஒரு கதிரை. பிள்ளை வாசிக்கும், நீங்கள் கேட்பீர்கள். படிப்பிக்க வேண்டாம். முக்கியமாக, எங்கள் காலத்தில் என்று தொடங்கவே வேண்டாம்.

தூர இருக்கும் அக்காமாருக்கு வேறு வேலை. தவணைக்கு ஒரு கடிதம், தபாலில், கையால் எழுதி, ஒரு பிள்ளைக்கு. உங்கள் வீட்டுக் கதவைத் திறந்ததிலிருந்து வேலைத்தலம் வரையும் கண்டதை எழுதுங்கள், பனியோ பஸ்ஸோ எதுவானாலும். பிள்ளை பதில் எழுதும். அதில் பிழை இருந்தால் திருத்தி அனுப்பாதீர்கள், கேள்வி கேட்டு எழுதுங்கள். எழுதியதற்கு விடை வருகிறதென்று அந்தப் பிள்ளை அறியட்டும்.

அதிபர் அவர்கள் பரீட்சார்த்தமாக ஒரு தவணைக்கு ஒரு பாடவேளை தந்திருக்கிறார்கள். பிள்ளைகள் பதினாறு பேர். இதுவரை பெயர் தந்தவர்கள் ஒன்பது பேர். அந்த ஒன்பதில் முதற் பெயர், மண்டபத்தில் இருக்கிறார் என்று நாங்கள் சொன்னவருடையது. அவர் இன்றும் மெதுவாகத்தான் வாசிப்பார். தனக்கு அந்த வேலை சரிவருமோ என்று எங்களிடம் கேட்டார். சரிவரும் என்றோம்.

இன்னும் ஏழு பேர் வேண்டும். பெயர் எழுதும் தாள் வெளியே தேநீர் மேசையில் இருக்கிறது, பக்கத்தில் பேனையும் கட்டி வைத்திருக்கிறோம். செவ்வாய்க்கிழமை, மூன்றாம் பாடவேளை, பழைய வாசிகசாலை. வாசலால் வந்தால் வலப்பக்கம். முன்பு சைக்கிள் விட்ட இடத்துக்கு எதிரில்.